பந்தின் வேகம் காட்டும் ரேடார் கன் ஒரே பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) 58, 76 என்று மாறி மாறிக் காட்டுகிறது. கோளாறு கருவியிலா, நான் நிற்கும் இடத்திலா?

பிட்சரின் அப்பா:
வணக்கம். என் மகளுக்கு 14 வயது. மூன்று வருடமாக சாஃப்ட்பாலில் (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) விண்ட்மில் முறையில், அதாவது கையை முழு வட்டமாகச் சுற்றிக் கீழிருந்து, பிட்ச் செய்கிறாள். அவள் வேகத்தைக் குறித்து வைக்கலாமே என்று கையில் பிடிக்கும் ரேடார் கன் ஒன்று வாங்கினேன். அன்றிலிருந்து குழப்பம்தான்.

நேற்று 30 பந்து வீசினாள். எல்லாமே முழு வேகத்தில், வேண்டுமென்றே மெதுவாக வீசும் சேஞ்ச்-அப் ஒன்றுகூட இல்லை. ரீடிங் மணிக்கு 58 கி.மீ.யில் தொடங்கி 76 வரை இஷ்டத்துக்குக் குதித்தது. ஏழு பந்துக்கு எதுவுமே வரவில்லை. போன மாதம் ஒரு போட்டியில் வேறு அணியின் பயிற்சியாளர் தன் கருவியில் அளந்துவிட்டு 84 என்று சொல்லியிருந்தார். நேற்று திரையைப் பார்த்தவள் "என் வேகம் குறைஞ்சிடுச்சாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் நிற்பது ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடத்துத் தட்டு) நேர் பக்கவாட்டில், 5 மீட்டர் தள்ளி. பந்து கையை விட்டதும் ட்ரிகரை அழுத்துகிறேன். பேட்டரி புதிது. இன்னொன்று: உள்ளரங்கில் பயிற்சி செய்தபோது யாரும் வீசாத நேரத்திலேயே 31 என்று வந்தது. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

மூன்றாம் பேஸ்:
முதலில் ஒரு சின்னச் சந்தேகம். அந்தப் பயிற்சியாளர் சொன்ன 84 கி.மீ.தானே? சில கருவிகளில் மைலும் கிலோமீட்டரும் ஒரே பட்டனில் மாறிவிடும். அவர் எங்கே நின்று அளந்தார்?

பிட்சரின் அப்பா:
கி.மீ.தான், நானே திரையைப் பார்த்தேன். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருந்த வலைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

அலைவரிசை:
திருப்பிக் கொடுக்க வேண்டாம் சார். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது.

ரேடார் கன் பந்தின் வேகத்தை நேராக அளப்பதில்லை. அது அனுப்பும் அலை பந்தில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். 24 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் கருவி என்றால், மணிக்கு 1 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 45 ஹெர்ட்ஸ் மாற்றம். அதை வைத்துத்தான் வேகத்தைக் கணக்குப் போடுகிறது. ஆனால் அந்த மாற்றம் கருவியை நோக்கி வரும் வேகத்துக்கு மட்டும்தான் உண்டு. பந்து உங்களைக் கடந்து பக்கவாட்டில் போகும் வேகம் அதன் கணக்கில் வரவே வராது.

பந்து வரும் பாதைக்கும் கருவியின் பார்வைக்கோட்டுக்கும் இடையே 10 டிகிரி இருந்தால் நூற்றுக்கு ஒன்றரைதான் குறையும். 20 டிகிரி என்றால் 6, 30 டிகிரி என்றால் 13 குறையும்.

இப்போது நீங்கள் நின்ற இடத்துக்கு வருவோம். ரப்பரிலிருந்து, அதாவது பிட்சர் கால் வைத்து வீசும் பட்டையிலிருந்து, ஹோம் பிளேட் 43 அடி, அதாவது 13.11 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். பிட்சர் முன்னால் பாய்ந்து விடுவதால் பந்து கையை விடும் இடம் பிளேட்டிலிருந்து 11.4 மீட்டர் என்போம். நீங்கள் 5 மீட்டர் பக்கவாட்டில். கோணம் கிட்டத்தட்ட 24 டிகிரி. உண்மை வேகம் 84 என்றால் அந்தக் கணத்தில் கருவி காட்டுவது 77. அதே பந்து பிளேட்டுக்கு 5 மீட்டர் தூரத்தில் வரும்போது கோணம் 45 டிகிரி ஆகிவிடும். காற்றின் தடையால் வேகமும் 79 அளவுக்கு இறங்கியிருக்கும். அப்போது காட்டுவது 56. பிளேட்டைக் கடக்கும்போது பந்து உங்களை நோக்கி வருவதே இல்லை, அதனால் எதுவும் காட்டாது.

76, 58, வெற்றுத்திரை மூன்றுக்கும் காரணம் இதுதான். ட்ரிகரைத் தாமதமாக அழுத்துவதால் ஒவ்வொரு முறையும் பந்தை வேறு வேறு இடத்தில் பிடிக்கிறீர்கள். மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவள் வேகம் குறைந்ததற்கு இந்த எண்களில் எந்தச் சான்றும் இல்லை.

இடதுகை:
நானும் பக்கவாட்டில்தான் நிற்பேன். வரும் எண்ணை அந்தக் கோணத்தின் கொசைனால் வகுத்துவிட்டால் சரியான வேகம் வந்துவிடுமே?

அலைவரிசை:
கோணம் மாறாமல் இருந்தால் வரும். இங்கே பந்து நெருங்க நெருங்கக் கோணம் மாறுகிறது, கருவி எந்தக் கணத்தில் பிடித்தது என்பதும் தெரியாது. எதைக் கொண்டு வகுப்பீர்கள்? இடத்தை மாற்றுவதுதான் வழி.

பழைய கேட்சர்:
பல வருடம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, வீசும் பந்தைப் பிடித்தவள் நான். இடம் பற்றிச் சொல்கிறேன்.

பிளேட்டுக்குப் பின்னால் 6 மீட்டர், கேட்சரின் தோளுக்கு மேலோ ஓரமாகவோ பந்து தெரிகிற மாதிரி நில்லுங்கள். மிகச் சரியாகக் கேட்சரின் முதுகுக்குப் பின்னால் நின்றால் அவள் உடம்பே பந்தை மறைத்துவிடும். ஒரு மீட்டர் ஓரமாக நின்றாலும் பந்து கையை விடும்போது கோணம் 3, 4 டிகிரிக்கு மேல் போகாது. நடுவில் வலை கட்டாயம் இருக்க வேண்டும், அண்ணா. தவறிய பந்து உங்களைத் தேடி வரும். நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கம்பி வலை என்றால் கருவியின் முகப்பை ஒரு கண்ணிக்கு நேராக ஒட்டிப் பிடியுங்கள். தூரத்திலிருந்து பிடித்தால் அலை கம்பியிலேயே பட்டுத் திரும்பும்.

பேஸ்பால்காரர்கள் தோள் உயரத்தில் பிடிப்பதைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். விண்ட்மில்லில் பந்து இடுப்புக்குப் பக்கத்தில் கையை விடுகிறது. கருவியின் முனை அந்த இடத்தைப் பார்க்கட்டும்.

ட்ரிகரை அவள் கை சுற்றத் தொடங்கும்போதே அழுத்திப் பிடியுங்கள். அப்போது இன்னொரு சிக்கல் வரலாம்: சில நேரம் கருவி பந்தை விட்டுவிட்டு அவள் கையையோ முன்னால் பாயும் உடம்பையோ பிடித்து 30, 40 என்று காட்டும். அந்த எண்ணை எழுதவே வேண்டாம். பேட்டர் நிற்கும்போதும் அளக்காதீர்கள், பேட்டின் வீச்சும் நடுவில் புகுந்துகொள்ளும்.

மூன்றாம் பேஸ்:
உள்ளரங்கில் வந்த 31-க்குக் காரணம் மின்விசிறியாக இருக்கும். இறக்கைகள் சுற்றுவதும் கருவிக்கு நகரும் பொருள்தான். விசிறியை நிறுத்திவிட்டு வெறும் இடத்தை நோக்கி அழுத்திப் பாருங்கள். எண் வராவிட்டால் சரி. பக்கத்தில் இன்னொருவர் ரேடார் வைத்திருந்தாலும் இப்படி ஆகலாம்.

அலைவரிசை:
கருவியின் மேல் நம்பிக்கை வர இன்னொரு வழி உண்டு. போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுங்கள். பந்து கையை விட்ட படத்திலிருந்து கையுறையில் பட்ட படம் வரை எண்ணுங்கள். பந்து கையை விட்ட இடத்துக்கும் கையுறைக்கும் இடையே உள்ள தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கிடைப்பது சராசரி வேகம். வழியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வேகம் இழப்பதால், கையை விடும் வேகத்தைவிட இது நூற்றுக்கு 4, 5 குறைவாக இருக்கும். இந்த மாதிரிக் கருவிகளில் 1, 2 கி.மீ. முன்பின் இருப்பது சகஜம்.

பிட்சரின் அப்பா:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை வலைக்குப் பின்னால் நின்று அளந்தேன். 25 பந்து. இரண்டு முறை 38 காட்டியது, அது கைதான், விட்டுவிட்டேன். மற்ற 23-ம் 79-க்கும் 83-க்கும் இடையில். மனசு நிறைந்துவிட்டது.

வீடியோவும் எடுத்தோம். தூரம் 11.8 மீட்டர். ஒரு பந்துக்கு 131 படம். கணக்குப் போட்டால் சராசரி 78 கி.மீ., அதே பந்துக்குக் கருவி காட்டியது 82. மகளே உட்கார்ந்து எண்ணினாள். விசிறியை நிறுத்தியதும் அரங்கில் பொய் எண் வரவில்லை.

அமெரிக்க பிட்சர்களான மோனிகா அபட் 2012-ல் வீசிய 77 மைலையும், கார்லின் பிக்கன்ஸ் 2025-ல் வீசிய 79.4 மைலையும் சுவரில் எழுதி வைத்திருக்கிறாள். இதுவரை தன் கி.மீ. எண்ணை அந்த மைல் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்! அவை 124, 128 கி.மீ. என்று மாற்றிக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஒரு கடைசிக் கேள்வி. சேஞ்ச்-அப்பையும் இதே முறையில் அளக்கலாமா?

பழைய கேட்சர்:
கட்டாயம் அளங்கள், அதே இடத்தில் நின்று, அதே நாளில். ஆனால் வீசப்போவது எது என்று உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் கலந்து வீசச் சொல்லுங்கள். 'இப்போது மெதுவான பந்து' என்று சொல்லிவிட்டு வீசினால் கையின் வேகத்தையே குறைத்துவிடுவாள், பேட்டர் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். கை அதே வேகத்தில் சுற்றி, திரையில் மட்டும் எண் 15 கி.மீ. இறங்கினால் எனக்கு எழுதுங்கள்.