நந்தம்பாக்கம் சைபர் பாதுகாப்பு மாநாடு: போய் வந்ததில் என்ன கிடைத்தது?

அம்பத்தூர் ஐடிக்காரன்:

மேடைப் பேச்சில் பாதி ஏற்கெனவே யூடியூபில் கேட்டதுதான். எனக்குக் கிடைத்ததெல்லாம் மதியத்துக்கு மேல் நடந்த பயிற்சி வகுப்பில். டேபிள்டாப் என்கிறார்கள். முன்பின் தெரியாத ஆட்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுப்பார்கள். எங்கள் தாளில் இருந்தது: சனிக்கிழமை மாலை ஆறரை மணி. கணக்குப் பிரிவு கம்ப்யூட்டரில் ஃபைல் எதுவும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஓர் அறிவிப்பு நிற்கிறது. என்ன செய்வீர்கள்?

"பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதான்" என்றார் பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்காரர். எதிரே இருந்த வங்கி மேடம் கையை நீட்டித் தடுத்தார். "பவரை ஆஃப் பண்ணாதீங்க சார், மெமரியில இருக்கிற தடயமெல்லாம் போயிடும். நெட்வொர்க் கேபிளைக் கழட்டுங்க, வைஃபையை அணைங்க, அது போதும்."

சரி, கழற்றியாயிற்று. அப்புறம்? தாளைத் திருப்பச் சொன்னார் வகுப்பு எடுத்தவர். சர்ட்-இன் (சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, இப்படி ஒன்று கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். அதாவது இரவு 12.30க்குள். யார் சொல்வது? எம்.டி. திருப்பதியில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. (தாளிலேயே அப்படித்தான் இருந்தது. எழுதியவர் நம்ம ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.) யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல் எங்கே? சர்வரில். சர்வர்? அதுவும் பூட்டிக் கிடக்கிறது. மேசை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பட்டியல் இப்போது எங்கள் கம்பெனியில் அச்சடித்து ரிசப்ஷன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

பேக்கப் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. "இருக்கு" என்று எல்லோரும் சொன்னோம். "கடைசியா எப்ப அதுலேர்ந்து எடுத்துப் பார்த்தீங்க?" என்றதும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தோம். பேக்கப் டிஸ்க் எந்நேரமும் சர்வரோடு ஒட்டிக்கொண்டே இருந்தால், சர்வர் போகும்போது அதுவும் கூடவே போகும். ஒரு பிரதியாவது கழற்றி வைத்திருக்க வேண்டும். அதே உத்தரவு லாக்குகளை, அதாவது யார் எப்போது நுழைந்தார், என்ன நடந்தது என்ற பதிவுகளை, 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. நெட்வொர்க் வாசலில் காவல் நிற்கும் சின்ன ஃபயர்வால்களுக்குள் அத்தனை நாள் தங்காது, வேறு இடத்துக்கு அனுப்பிச் சேமிக்க வேண்டும்.

ஸ்டால்களில் எங்கே திரும்பினாலும் ஏஐ. நான் கேட்டது ஒன்றுதான்: பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் சிஎன்சி மெஷினுக்கு (கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் வெட்டும் மெஷின்) என்ன வழி? மைக்ரோசாஃப்ட் 2014லேயே எக்ஸ்பியைக் கைகழுவிவிட்டது, மெஷின் இன்னும் ஜோராக ஓடுகிறது. "அப்கிரேட் பண்ணிடுங்க சார்" என்றார் டை கட்டிய தம்பி. மெஷின் விலை தெரிந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

பதில் சாப்பாட்டு வரிசையில் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கும் பெரியவர், புளியோதரைத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு டிஷ்யூ பேப்பரில் வரைந்தே காட்டினார். அந்த மெஷின்களுக்குத் தனி விலான், அதாவது ஸ்விட்ச்சிலேயே பிரித்து வைத்த தனி நெட்வொர்க். இன்டர்நெட் கூடவே கூடாது. ட்ராயிங் ஃபைல் உள்ளே போக ஒரே ஒரு கம்ப்யூட்டர், பென்டிரைவ் எதுவானாலும் அங்கே ஸ்கேன் ஆன பிறகுதான். மற்ற எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் விண்டோஸ் ஃபைல் பகிரும் 445 போர்ட் வழியாக மெஷின் பக்கம் போக முடியாதபடி மறிக்க வேண்டும். 2017இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை ஆபீஸ் ஆபீஸாகப் பரவியது அந்த வழியாகத்தான். இப்படிப் பிரிக்க வசதியுள்ள ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச்சும் இருக்கிற ஃபயர்வாலும் போதும் என்றார். டிஷ்யூவை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பெருங்குடி நைட் ஷிப்ட்:

அண்ணே, ஸ்டால் கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். உள்ளே ஹாலில் ஒருவர் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி விளக்குகிறார். எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி வரை போகலாம் என்கிறார். வெளியே வந்தால், ஒரு டி-ஷர்ட்டைக் காட்டி, கேட்காமல் கொள்ளாமல் என் பேட்ஜை ஸ்கேன் செய்கிறார்கள். மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. அதில் பாதி நான் எட்டிக்கூடப் பார்க்காத கம்பெனிகள். இனி இதற்கென்று தனி மெயில் ஐடி, பேட்ஜைத் திருப்பித்தான் மாட்டுவேன். டி-ஷர்ட்டும் ஒரு துவைப்பிலேயே சாயம் போய்விட்டது.

பிடித்தது எக்ஸ்இஸட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளைப் பற்றிய பேச்சு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், வேறொரு கம்ப்யூட்டருக்குள் தூரத்திலிருந்தே நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று நோண்டப் போய், அந்த மென்பொருள் வழியாக லினக்ஸில் நுழையவிருந்த பின்வாசலைக் கண்டுபிடித்தார். அதை வைத்த ஆசாமி இரண்டு வருஷத்துக்கும் மேலாக நல்லபிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தவர். ஃப்ராய்ண்ட் செக்யூரிட்டி ஆளே இல்லை, டேட்டாபேஸ்காரர். எங்கள் எஸ்ஓசியில் (தாக்குதல் நடக்கிறதா என்று கண்காணிக்கும் பிரிவு) ஒரு நைட்டுக்கு எத்தனை அலர்ட் மூடினாய் என்றுதான் கணக்குக் கேட்கிறார்கள். அரை நொடியை நோண்ட எங்கே விடுகிறார்கள்?

இறுதியாண்டு மாணவன்:

அண்ணா, நான் மாணவர் பாஸில் வந்திருந்தேன். சிடிஎஃப் என்ற ஹேக்கிங் புதிர்ப் போட்டியில் வெப் கேள்விகளைத் தாண்டவே முடியவில்லை. பக்கத்து மேசை கோயம்புத்தூர் அக்காக்கள், போட்டி முடிந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்து பர்ப் என்ற கருவியில் பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டாகப் பிரித்துக் காட்டினார்கள். வேலை விஷயமாகப் பேசிய ஒருவர் என் ரெஸ்யூமேயைப் புரட்டக்கூட இல்லை. "நீ சால்வ் பண்ணின எதையாவது எழுதி வெச்சிருக்கியா? லிங்க் கொடு" என்றார். இப்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஒரு சந்தேகம்: அந்தப் பெரியவர் சொன்ன விலான் விஷயத்தை வீட்டிலேயே பழக முடியுமா?

அம்பத்தூர் ஐடிக்காரன்:

தாராளமாகப் பழகலாம் தம்பி. லேப்டாப்பில் கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸ் போட்டு பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலை ஏற்று, ரெண்டும் இலவசம். கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய மேனேஜ்டு ஸ்விட்ச் தேடு. காசு கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரரையே ரீசெட் பண்ணி லாகின் செய்து காட்டச் சொல்லு. பழைய கம்பெனி பாஸ்வேர்டோடு வருவதும் உண்டு.