டிராஃப்டுக்கு முன் ஒரு சந்தேகம்: ஸ்டீலா, சராசரியா?

வணக்கம் நண்பர்களே. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஃபேன்டஸி பேஸ்பால் டிராஃப்ட் (நிஜ ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்போம்; அவர்கள் ஆடுவதை வைத்து நமக்குப் புள்ளி). அமெரிக்க மேஜர் லீக் ஆட்டக்காரர் எல்லி டி லா குரூஸை முதல் சுற்றிலேயே எடுக்கலாமா? நோட்டில் அவர் பெயரை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன்.

2024-ல் 67 ஸ்டீல் (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), 25 ஹோம் ரன். பார்த்தாலே ஆசை வருகிறது. ஆனால் 218 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்)! எங்கள் லீகில் பேட்டிங் சராசரிக்கும் (அடிக்க வந்ததில் எவ்வளவு ஹிட் என்ற விகிதம்) புள்ளி உண்டு; இத்தனை ஸ்ட்ரைக்அவுட் அதைக் கெடுக்குமே.

இன்னொன்று. 2023-ல் மேஜர் லீகில் பேஸை (ரன்னர் ஓடிச் சேரும் சதுர மெத்தை) 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். மூன்றாம் பிக்ஆஃப் (பேஸை விட்டு நகர்ந்த ரன்னரை அவுட்டாக்க பந்துவீச்சாளர் செய்யும் முயற்சி) தவறினால் ரன்னருக்கு ஒரு பேஸ் இலவசம் என்றும் ஆனது. 2022-ல் 2,486 ஆக இருந்த மொத்த ஸ்டீல் ஒரே வருடத்தில் 3,503! இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதற்கு முதல் சுற்றைச் செலவழிப்பது சரியா?

சராசரியும் கெடாமல், 30 ஸ்டீலாவது தரக்கூடிய ஆட்டக்காரர் நடுச் சுற்றுகளில் யார் கிடைப்பார்? விளையாடிய அனுபவம் உள்ளவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், ப்ளீஸ்.