மெதூசாவின் கையில் வெட்டிய தலை வேண்டுமா?

கேள்வி – மண்டபத்துப் பெண்
எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் வெளிச்சுவரில், பாசி எடுக்கப் போகும் பெண்கள் சிலரோடு சேர்ந்து கிரேக்கப் புராணத்து மெதூசாவை வரைய இருக்கிறோம். உரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், கடல் தெய்வம் அவளைக் கோயிலுக்குள்ளேயே வன்புணர்ந்தது. ஆனால் தண்டனை அவளுக்குத்தான் கிடைத்தது, கூந்தல் பாம்புகளாயிற்று. சிற்பி லூசியானோ கர்பாத்தி 2008இல் செய்த சிலையில், அவளைக் கொன்ற பெர்சியூஸின் தலையை அவளே பிடித்து நிற்கிறாள். அப்படியே வரையலாம் என்றேன். குழுவின் மூத்த அக்காவோ, "வெட்டுன தலைய எதுக்குத் தாயி தெனமும் பாக்கணும்?" என்கிறார். உங்கள் கருத்து என்ன?

மறுமொழி – தொண்டி வாசகர்
இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் 1554 முதல் நிற்கும் செல்லினியின் வெண்கலச் சிலையில் மெதூசாவின் தலையை ஏந்தியிருப்பவன் பெர்சியூஸ். அதைத் திருப்பிப் போட்டதுதான் கர்பாத்தியின் சிலை. 2020இல் நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே அதை வைத்தபோது, பலர் கொண்டாடினாலும், வன்புணர்ந்தவன் தப்பிக்க வேறொருவன் தலை ஏன் விழுந்தது என்றும், பழிவாங்கும் பெண்ணும் ஏன் ஆடையின்றி, ஆண் கண்ணுக்கு இதமாக நிற்க வேண்டும் என்றும் சிலர் கேட்டார்கள். எனக்கு இரண்டாவது கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. அக்கா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள்.

மறுமொழி – கீழக்கரை ஆசிரியை
ஓவிட் சொல்லும் இன்னொரு கதையின் பிலோமெலாவையும் நினைத்துப் பாருங்கள். அக்காள் கணவன் தெரியஸ் அவளைக் கெடுத்து, வெளியே சொல்லாதிருக்க நாக்கையும் அறுத்தபின், வெள்ளை நூலிடையே செந்நீல நூலால் நடந்ததை நெய்து அக்காளுக்கு அனுப்பினாள். சாயமேற்றிய ஓலையில் கொட்டான் முடையும் நம் பெண்களுக்கு அந்தக் கைவேலை புதிதன்று. (பின்னர் அந்தச் சகோதரிகள் அக்காளின் குழந்தையைக் கொன்று தகப்பனுக்கே உணவாக்கியதையும் மறைத்துவிட வேண்டாம், அதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

மறுமொழி – பாம்பன் வாசகி
சகோதரி, உங்கள் சுவருக்கு உரிய காட்சி ஓவிட்டின் ‘உருமாற்றங்கள்’ காவியத்தின் நான்காம் நூலின் பிற்பகுதியிலேயே இருக்கிறது. பெர்சியூஸ் மெதூசாவின் தலையை மணல் உறுத்தாதபடி கடற்பாசியின் மேல் வைக்கிறான். பார்த்தவரைக் கல்லாக்கும் அந்தத் தலை பட்டதும் பாசி இறுகிப் பவளமாகிறது. கடல் மங்கையர் அதைக் கண்டு மேலும் பாசி கொண்டுவந்து தொட்டுப் பார்த்து, அதன் வித்துகளை அலையில் வீசுகிறார்கள். பவளம் ஓர் உயிரினம் என்பது வேறு கதை. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் கிடக்க, விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கும் பெண்களைத் தவிர வேறு யாரை அந்தக் கடல் மங்கையராக வரைவீர்கள்? மெதூசாவை உயிரோடு அவர்கள் நடுவே அமர்த்துங்கள். பாம்புகள் இருக்கட்டும், பெர்சியூஸ் வேண்டாம்.

மறுமொழி – மண்டபத்துப் பெண்
இதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்தப் பாசி, மரிக்கொழுந்தா கட்டக்கோரையா? ரெண்டுக்கும் நெறம் வேற" என்றார். நாளை காலை இரண்டிலும் ஒரு கைப்பிடி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.