நெல்சன் குடும்பக் கடிதங்கள்: கிரீனிச்சில் படித்தவர்கள் உண்டா?

நண்பர்களே, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் சொந்தக் கடிதங்களைத் தேடிப் படித்து வருகிறேன். அவை ஒரே இடத்தில் இல்லை. டிரஃபால்கர் கடற்போருக்குச் சற்று முன் தன் காதலி எம்மா ஹாமில்டனுக்கு எழுதிய கடைசிக் கடிதம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மனைவிக்கு எழுதியவற்றில் பல வேல்ஸின் மான்மத் அருங்காட்சியகத்தில். எனக்கு முக்கியமாக வேண்டியது மகள் ஹொரேஷியாவின் வழிவந்த நெல்சன்-வார்டு குடும்பத் தாள்கள். எம்மாதான் தன் தாய் என்பதைக் கடைசிவரை ஏற்காத அந்தப் பெண்ணின் பக்கத்தை யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம்.

அந்தக் குடும்பத் தாள்கள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கே படித்தவர்கள் இருந்தால், முன்பதிவு எப்படி, படம் எடுக்க விடுவார்களா என்று சொல்லுங்கள். அப்புறம், 1797இல் வலக்கையை இழந்தபின் நெல்சன் இடக்கையால் எழுதியதை வாசிக்கப் பழகியவர்கள் யாராவது வழிகாட்ட முடியுமா?