டேனிஷ் முன்னோரின் பிறப்புப் பதிவு: தவறான குழந்தையைப் பிடித்துக்கொண்ட கதை

என் கணவரின் குடும்பம் டென்மார்க்கின் ஃபூன் தீவைச் சேர்ந்தது. மாமியாரின் தாய்வழி வம்ச வரிசையை எழுதிக் கொடுக்கலாம் என்று ஆசையாகத் தொடங்கிய வேலை, அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பிறந்த தேதியில் வந்து எட்டு மாதம் நின்றுவிட்டது. கல்லறையைப் பார்த்து எழுதிவிடலாமே என்று கேட்டேன். அந்நாட்டில் கல்லறை இடத்துக்குக் காலவரையறை உண்டு, யாரும் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்களிடம் மிஞ்சியிருந்தது 1887-ஆம் ஆண்டு இறப்புப் பதிவில் உள்ள ‘வயது 55’ என்ற ஒரு குறிப்பு மட்டுமே. அதைக் கழித்துப் பார்த்து, 1832-இல் பிறந்தவர் என்று முடிவு கட்டினேன்.

பெயரோ ஹான்ஸ் ராஸ்முசன் வகையைச் சேர்ந்தது. ராஸ்முஸின் மகன் ஹான்ஸ் என்றால் ஹான்ஸ் ராஸ்முசன், அந்த ஹான்ஸின் மகன் ஹான்சன் என்று தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறிக்கொண்டே போகும். தலைப்பெழுத்தோடு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று 1828-இல் அரசு ஆணையிட்ட பிறகும் கிராமங்களில் பழைய வழக்கம் நெடுங்காலம் தொடர்ந்தது. ஆகவே பெயரை வைத்துத் தேடினால் தீவு முழுவதும் நூற்றுக்கணக்கானோர் வந்து நிற்பார்கள். தேட வேண்டியது ‘சோன்’ என்று அவர்கள் சொல்லும் தேவாலயப் பங்கின், அதாவது ஒரு தேவாலயத்தின்கீழ் வரும் ஊர்ப்பகுதியின், பெயரைத்தான். பிறந்த ஊரைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் 1845-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்கியதால், 1880-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொள்ளுத்தாத்தாவின் வீட்டைக் கண்டுபிடித்ததும், ஸ்வென்போர்க் மாவட்டத்தில் அவர் பிறந்த பங்கின் பெயர் ஒரே வரியில் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அந்தப் பங்கின் தேவாலயப் பதிவேட்டைத் திறந்தேன். படங்கள் அனைத்தையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 1814-ஐ ஒட்டி அச்சிட்ட படிவங்கள் வந்துவிட்டன. ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. பிறந்த நாளும் ஞானஸ்நானம் பெற்ற நாளும் தனித்தனிப் பத்திகளில் இருக்கும். கையெழுத்துதான் சோதனை. கோத்திக் என்னும் பழைய கையெழுத்து முறையில் ‘e’ எழுத்தும் ‘n’ எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். அந்தக் காலத்தில் பதிவேட்டை இரண்டு பிரதிகளாக எழுதி, தீ விபத்துக்கு அஞ்சி, இரண்டும் ஒரே கூரையின்கீழ் ஓரிரவுகூட இருக்கக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். போதகரின் பிரதியில் மை கலங்கியிருந்த இடத்தை, தேவாலய எழுத்தரின் பிரதியைப் பார்த்து என்னால் படிக்க முடிந்தது அந்த விதியின் புண்ணியம்.

1832-இல் அதே பெயர், அதே தந்தை, அதே தாய். பிறந்த நாளும் தெளிவாக இருந்தது. மாமியாரிடம் தொலைபேசியில் சொன்னேன், அவரும் குறித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து வேறொருவரைத் தேடி அதே பதிவேட்டின் இறப்புப் பக்கங்களைப் புரட்டியபோது, நான்கு மாதக் குழந்தையாக அதே பெயர் அங்கே இருந்தது. நான் கொண்டாடிக்கொண்டிருந்த குழந்தை 1832-ஐத் தாண்டவே இல்லை. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது அங்கே மிகச் சாதாரணமான வழக்கம். பக்கங்களைத் தொடர்ந்து புரட்டியதும், 1834-இல் அதே பெற்றோருக்கு அதே பெயரில் இன்னொரு மகன் பிறந்திருந்தது தெரிந்தது. எங்களுடைய கொள்ளுத்தாத்தா அவர்தான் என்று மனம் சொன்னது. ஆனால் ஒருமுறை சூடுபட்ட பிறகு மனம் சொல்வதை மட்டும் நம்ப எனக்குத் துணிவில்லை.

உறுதி கிடைத்தது 1849-ஆம் ஆண்டின் திடப்படுத்தல் பதிவில். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்த பின் தேவாலயத்தில் தன் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு அது. டென்மார்க்கில் 1736 முதல் திடப்படுத்தல் எல்லோருக்கும் கட்டாயம். 1810 முதல் பெரியம்மைத் தடுப்பூசி போட்டவர்களையும் அந்த நோய் ஏற்கெனவே வந்து போனவர்களையும் மட்டுமே அதற்கு அனுமதித்தார்கள். ஆகவே பதினான்கு வயதைக் கடந்த பிள்ளையின் பெயர், பெற்றோர், பிறந்த தேதி, அறிவுக்கும் நடத்தைக்கும் போதகர் தந்த மதிப்பீடு, தடுப்பூசி போட்ட நாள் ஆகியவை அனைத்தும் ஒரே வரியில் இருக்கும். எங்களவருக்கு அறிவு ‘நன்று’, நடத்தை ‘மிக நன்று’. பிறந்த ஆண்டு 1834. பிறப்புப் பதிவு கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடாமல், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளின் இறப்புப் பக்கங்களையும் திடப்படுத்தல் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. விவசாயக் குடும்பமாக இருந்தால் படைச்சேர்ப்புப் பட்டியலும் கைகொடுக்கும்; 1789 முதல் 1849 வரை ஆண் குழந்தைகளைப் பிறந்தவுடனேயே அதில் ஏற்றிவிடுவார்கள்.

அவருடைய தந்தையின் பதிவில் வேறு விதமான சிக்கல். 1797-இல் படிவமும் இல்லை, பிறந்த தேதியும் இல்லை. ‘திரித்துவ ஞாயிற்றுக்குப் பின் மூன்றாம் ஞாயிறு’ அன்று ஞானஸ்நானம் என்று மட்டும் லத்தீன் சுருக்கத்தில் எழுதியிருந்தார்கள். திரித்துவ ஞாயிறு ஈஸ்டருக்கு எட்டு வாரம் கழித்து வரும். அவ்வாண்டு ஈஸ்டர் ஏப்ரல் 16. அதிலிருந்து எண்ணி ஜூலை 2 என்று கண்டேன். அதை நான் பிறந்த நாளாக எழுதவில்லை, ஞானஸ்நான நாள் என்றே எழுதியிருக்கிறேன்.

மற்றோர் உறுப்பினரின் பகிர்வு:

உங்களுக்குக் கடைசியில் விடை கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். என் மருமகளின் முன்னோரில் ஒரு பெண்மணி திருமணமாகாத தாய்க்குப் பிறந்தவர். அத்தகைய பிறப்புகளில், தந்தை என்று தாய் சுட்டியவரின் பெயரையும், குழந்தை பிறப்பதற்குப் பத்து மாதங்களுக்கு முன் தாய் எங்கே தங்கியிருந்தார் என்பதையும் கிராமப் போதகர்கள் குறித்து வைப்பதுண்டு. அந்தக் குறிப்பிலிருந்து அவர் வேலை செய்த பண்ணையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பியிருந்தோம். ஆனால் இந்தக் குழந்தை பிறந்தது கோபன்ஹேகனில், 1785-இல் தொடங்கப்பட்ட அரச மகப்பேறு நிலையத்தில். பெயரைச் சொல்ல விரும்பாத பெண்கள் அங்கே பெயரின்றியே பிள்ளை பெறலாம் என்பது அவர்களுடைய மானத்தைக் காக்க வகுத்த ஏற்பாடு. பதிவேட்டில் குழந்தையின் பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது, ஞானஸ்நான தேதியும் இருக்கிறது. தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண் மட்டும் இருக்கிறது. சில மாதங்கள் முயன்றோம். பிறகு மருமகளே போதும் என்று சொல்லிவிட்டாள். வம்ச வரிசையில் அந்த இடத்தில் அந்த எண்ணையே எழுதி வைத்திருக்கிறோம்.