மிஸ்ஸியம்மா: இரு மொழியிலும் ஒரே மெட்டா?

குன்னூர் வாசகர்:
நேற்றிரவு பனி இறங்கிய வேளையில், அம்மாவின் பழைய வானொலியில் ‘மிஸ்ஸியம்மா’ படத்தின் ‘வாராயோ வெண்ணிலாவே’ பாடல் ஒலித்தது. 1955-இல் இதே கதை தெலுங்கில் மிஸ்ஸம்மாவாக வந்ததே, அதிலும் இதே மெட்டுதானா? பாடியவர்கள் யார்?

கோத்தகிரி வாசகர்:
ஆம் ஐயா, மெட்டு ஒன்றே. இரண்டுக்கும் எஸ். ராஜேஸ்வர ராவே இசையமைத்தார், இரண்டிலும் ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும் பாடினர். தெலுங்கில் என்.டி. ராமாராவுக்கும் தமிழில் ஜெமினி கணேசனுக்கும் அந்த ஒரே மென்குரல் பொருந்தியதை எண்ணி இன்றும் வியக்கிறேன். தமிழ் வரிகள் தஞ்சை ராமையாதாஸ் எழுதியவை. மொழிமாற்று வாடையே அவற்றில் இல்லை.

உதகை வாசகி:
அதே படத்தின் ‘பிருந்தாவனமும் நந்தகுமாரனும்’ பாடலையும் கேளுங்கள், ஐயா. சுத்த சாவேரி ராகம். காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) இல்லாத ஐந்தே சுரங்கள். என் மகள் வீணையில் முதலில் வாசித்த திரைப்பாடல் அதுதான்.