காய்ப்பு ஓய்ந்த தொட்டிகளில் கோடை முடிவில் மறுநடவு: என் அனுபவம்

இந்த முறை தக்காளியும் பீன்ஸும் சீக்கிரமே காய்த்து ஓய்ந்துவிட்டன. கோடை முடியும் முன்பே பாதித் தொட்டிகள் காலி. அவற்றைச் சும்மா விடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்காகக் காலியான அன்றே விதையைத் தூவிவிடவும் வேண்டாம். பழைய செடியின் வேரைப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யுங்கள்.

தக்காளியைத் தூரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வேரை ஒரு வாளித் தண்ணீரில் அலசிப் பார்ப்பது என் வழக்கம். வெளுப்பாக, நார் நாராக இருந்தால் கவலையில்லை. இந்தத் தடவை ஒரே ஒரு தொட்டியில் வேர் முழுக்க முண்டும் முடிச்சுமாக வீங்கியிருந்தது. வேர்முடிச்சு நூற்புழு, அதாவது வேருக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும் நுண்ணிய புழு! எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தச் செடி மட்டும் மதியமானால் துவண்டு நின்றதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

பீன்ஸ் வேரிலும் முடிச்சுகள் இருக்கும். அதைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா. நகத்தால் தள்ளினால் அந்த முடிச்சு உதிர்ந்துவிடும். வேலை செய்துகொண்டிருந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு அப்படி உதிராது, வேரே அந்த இடத்தில் தடித்துப் போயிருக்கும்.

நூற்புழு வந்த மண்ணை எந்தத் தொட்டியிலும் கலக்காதீர்கள். நான் அதை ஈரமாக்கி, மெல்லிய அடுக்காகப் பரப்பி, நிறமில்லாத பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி வெயிலில் போட்டுவிட்டேன். 4 முதல் 6 வாரம் கடும் வெயில் பட வேண்டும். கறுப்புத் தாளைவிட நிறமற்ற தாளில்தான் சூடு மண்ணுக்குள் நன்றாக இறங்கும்.

நல்ல பீன்ஸ் செடியைப் பிடுங்காமல் மண் மட்டத்தில் நறுக்கிவிட்டு, வேரை உள்ளேயே மக்க விட்டேன். ஆனால் பீன்ஸ் வைத்ததால் உரமே தேவையில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது பிடித்த தழைச்சத்தில் பெரும்பங்கு காயோடு போய்விடுகிறது. எல்லாத் தொட்டியிலும் மண் ஒரு சாண் இறங்கிக் கிடந்தது. மூன்று பங்கு பழைய மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து நிரப்பினேன்.

இதில் பலர் கவனிக்காதது மண்ணின் வறட்சி. தொட்டி மண் ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து அடித்துளை வழியே ஓடிவிடும், மேலே ஈரம் தெரியும், விரலை விட்டால் நடுவில் தூசி. தொட்டியை அப்படியே அகலமான தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, குமிழி அடங்கும்வரை வைத்திருங்கள். உரக் கலவை அதற்குப் பிறகுதான்.

அடுத்த பயிர்? தக்காளி இருந்த இடத்தில் மிளகாய், கத்தரி, உருளை வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம், ஒரே நோய்கள். நான் பீட்ரூட்டும் முள்ளங்கியும் போட்டேன். பீன்ஸ் தொட்டிக்குக் கீரை. லெட்டூஸ் ஆசை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்: மண்சூடு 30 டிகிரியை நெருங்கினால் அதன் விதை உறங்கிவிடும், விதை கெட்டுப்போனது என்று நினைத்துத் தூக்கிப் போடுவோம். நிழலான, குளிர்ந்த இடத்தில் நாற்றுவிட்டு மாற்றி நடலாம்.

விதைக்கும் வேலையை மாலையில் வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிடச் சற்று ஆழமாக ஊன்றி, ஈரச்சாக்கால் மூடினேன். முளை தலைகாட்டிய அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒருநாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும். உறைபனி விழும் ஊர்க்காரர்கள் முதல் உறைபனி விழும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, விதைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாட்களோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். பகல் சுருங்கச் சுருங்க வளர்ச்சி மந்தமாகும்.

பீட்ரூட் முளைத்துவிட்டது. விதை என்று நாம் போடுவது பல விதைகள் சேர்ந்த கொத்து என்பதால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாற்று நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் அசையும், அதனால் கத்தரிக்கோலால் நறுக்கிக் கலைக்கிறேன்.

நூற்புழுவைக் குறைக்கும் என்று சொல்கிறார்களே, அந்தச் செண்டுமல்லியை நூற்புழு மண்ணில் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை மாதம் விட்டீர்கள், அடுத்த செடியின் வேர் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.